அறுபது மணி நேரமும் ஐந்து மணி நேரமும்

இஸ்ஃபஹான்
ஃபர்வர்தின் 18

அன்புள்ள மஹ்லகா அண்ணி,

நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்த நாளிலிருந்து அம்மா தினமும் கேட்கிறாள். "அண்ணிக்குப் போன் பண்ணி நன்றி சொன்னியா, இல்லையா?" போனில் சொல்லப்போவதில்லை. போனில் நீங்கள் என்னைக் கண்ணின் ஒளி என்பீர்கள், நான் உங்களுக்காக உயிரையே தருவேன் என்பேன், பக்கத்தில் அம்மா தலையாட்டிக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் போய்விடும். இரண்டு பேரும் ஒரு உண்மைகூடச் சொல்லியிருக்க மாட்டோம். காகிதம் என்றால் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அதனால் கடிதம்.

சோறு நன்றாக இருந்தது. சிவப்பு ஸெரெஷ்க் பழம் உங்கள் பிர்ஜந்தில் போடுகிற அளவுக்கு இங்கே யாரும் போடுவதில்லை. தொலைநோக்கியும் நன்றாக இருந்தது.

அதைத்தான் எழுத வந்தேன். மொட்டை மாடியில் அதன் உறையை நீங்கள் உருவியதும் என் வாயிலிருந்து "அடேயப்பா, எவ்வளவு அழகு" என்று வந்துவிட்டது. உடனே நீங்கள், "பிஷ்கேஷ், துரான் ஜான்! உனக்கே, எடுத்துட்டுப் போ" என்றீர்கள். வேண்டாம் என்றேன். மறுபடியும் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவையும் அப்படியே. உபசார முறைப்படி எல்லாம் சரியாக நடந்தது. நாலாவது தடவை நீங்கள் சொல்லவில்லை, நல்லவேளை. சொல்லியிருந்தால் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே இஸ்ஃபஹான் வந்து சேர்ந்திருப்பேன்.

இது பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் கியூமர்ஸ் அண்ணன் முதல் தடவை துபாய் போனபோது, அந்தத் தொலைநோக்கியின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவன் பர்ஸில் வைத்தவள் நான். எனக்கு வாசனைத் திரவம் வாங்கி வந்தான். போன இலையுதிர் காலத்தில் போய், அதே தொலைநோக்கியை மூன்று பெட்டிகளில் பிரித்துப் போட்டுப் பெண்டாட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறான். "அதே காகிதமாடா?" என்று கேட்டேன். சிரிக்கிறான்.

சரி, உங்கள் சாமானுக்கு வருகிறேன். வேகம், வேகம் என்கிறீர்களே, கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்தை அள்ளுகிற அந்த வேகம் சும்மா வருவதில்லை. கேமராவைக் கொண்டுபோய் அதன் முகத்துக்கு முன்னாலேயே மாட்ட வேண்டியிருக்கிறது. வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கேமராவே மறைக்கிறது. கேபிளை நேராக விட்டால் படத்தில் ஒவ்வொரு பெரிய நட்சத்திரத்துக்கும் மீசை முளைக்கிறது. ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றால் கேமராவையே கழற்ற வேண்டும். ஃபோகஸோ மயிரிழை. காற்று இரண்டு டிகிரி குளிர்ந்தால் போயிற்று. என் எண்பது மில்லிமீட்டர் குழாய்த் தொலைநோக்கியைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சரிசெய்தேன். இன்றுவரை அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அம்மா உங்களை முத்தமிடச் சொன்னாள்.

துரான்


பிர்ஜந்த்
ஓர்திபெஹெஷ்ட் 2

துரான் ஜான்,

உன் கடிதத்தை மருந்துக்கடை கவுண்டரில் நின்றே படித்தேன். ஒரு கிழவர் "பொண்ணே, என் மாத்திரை" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அந்த மீசை விஷயத்தில் சிரித்துவிட்டேன், அப்புறம் கோபம் வந்தது. இந்த வரிசையில்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேபிளை வளைத்து வட்டமாக ஒட்டிவிட்டேன். மீசை போய்விட்டது. ஃபோகஸுக்கு ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுவே பார்த்துக்கொள்கிறது. கேமரா மறைக்கிற பங்கு எனக்கும் தெரியும். மறைத்த பிறகும் மிஞ்சுவதைப் பார். நீ கணக்கு டீச்சர், உனக்கே சொல்ல வேண்டுமா? உன் குழாய் எஃப் ஏழு, என்னுடையது எஃப் இரண்டு; எண் குறையக் குறைய வேகம். ஏழை இரண்டால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கு. பன்னிரண்டு. நீ பன்னிரண்டு மணி நேரம் திறந்து வைத்து அள்ளுகிற வெளிச்சத்தை நான் ஒரு மணி நேரத்தில் அள்ளுகிறேன். ஆகாயத்திலும் உன்னைப்போல இரண்டு மடங்கு இடம் ஒரே சட்டத்தில் விழுகிறது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வாரத்துக்கு நாலு ராத்திரி டியூட்டி. மிச்சம் இருக்கிற மூன்றில் ஒன்றில் காற்று, ஒன்றில் புழுதி. எனக்கு ஒரு மாதத்துக்குக் கிடைப்பதே ஐந்தாறு மணி நேரம். உனக்கு நேரம் இருக்கிறது துரான். பள்ளிக்கூடம் விட்டால் அம்மா, அம்மா தூங்கினால் மாடி. உன்னை யாரும் எங்கேயும் கூப்பிடுவதில்லை. உன் ராத்திரிகளை நினைத்தால் எனக்கு வயிறெரியும். நீ மட்டும்தான் பொறாமைப்படுகிறாய் என்று நினைத்தாயா? அங்கே அம்மா வீட்டுக் கூடத்தில் நான் எடுத்த படம் எதுவும் இல்லை, தெரியுமா? நீ எடுத்த நெபுலா மேகப் படம் மட்டும் இருக்கிறது, தங்கச் சட்டம் போட்டு. வருகிறவர்களிடமெல்லாம் "எங்க துரான் எடுத்தது" என்கிறாள். நான் தேநீர்த் தட்டோடு அதன் அடியில் நிற்பேன்.

இனி விஷயம். சப்தரிஷி மண்டலத்தின் கீழே ஒரு சுழல் விண்மீன் கூட்டத்தை ஆக்ஸிஜன் ஃபில்டர் போட்டு இரண்டு ராத்திரியாக ஐந்து மணி நேரம் எடுத்தேன். அதன் பக்கத்தில் ஒரு வளைவு தெரிகிறது. நீலப் பச்சை, மங்கல், வில் மாதிரி. எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்தப் படத்திலும் இல்லை. மூன்று தடவை சரிபார்த்தேன். வானியல் சங்கத்துக்கு எழுதினேன். தீர் மாதம் கெர்மான் கூட்டத்தில் பேச இடம் தருகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: வேறு ஊரில், வேறு மாதிரித் தொலைநோக்கியில் ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். வேகத் தொலைநோக்கி என்றாலே உள்ளே வெளிச்சம் முட்டி மோதிப் பொய் வளைவு காட்டும் என்று சங்கத்துப் பெரியவர்களுக்குச் சந்தேகம்.

நீ எடுத்துக் கொடுப்பாயா? ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடமும் கேட்க முடியாது. அவ்வளவு பொறுமை உள்ளவளை எனக்கு வேறு தெரியாது.

ஒரு பொட்டலம் உலர் இலந்தை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு.

மஹ்லகா


இஸ்ஃபஹான்
ஓர்திபெஹெஷ்ட் 10

அண்ணி,

"உன்னை யாரும் எங்கேயும் கூப்பிடுவதில்லை" என்ற வரியை ஒரு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கவில்லை.

எடுக்கிறேன். அறுபது மணி நேரம். நிலா இல்லாத ராத்திரி ஒன்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் பத்து ராத்திரி. உங்களுக்குக் கண்டுபிடிப்பு, எனக்குக் கண் எரிச்சல். பக்கத்து வீட்டுக்காரர் மாடி விளக்கை அணைக்கக் கூட இந்த ஊர் காஸ் மிட்டாய் ஒரு பெட்டி கேட்கிறார்.

துரான்


இஸ்ஃபஹான்
கொர்தாத் 7

அன்புள்ள அண்ணி,

முடிந்தது. பதினோரு ராத்திரி, அறுபத்தோரு மணி நேரம். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, நகர வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை.

விண்மீன் கூட்டம் இருக்கிறது, அதன் கைகள் இருக்கின்றன, அதைச் சுற்றி வெறும் இருட்டு. வளைவு இருக்க வேண்டிய இடத்தை எத்தனை பெரிதாக்கினாலும் இருட்டுதான். உங்கள் சட்டத்துக்கு வெளியே ஒரு பெரிய நட்சத்திரம் இருக்கிறது. அதன் வெளிச்சம் உள்ளே எங்கேயாவது முட்டியிருக்கும், அல்லது முன் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருக்கும். இவ்வளவு வேகமான தொலைநோக்கியில் இதெல்லாம் சகஜம். வேகம் சும்மா வருவதில்லை என்று அப்போதே சொன்னேன்.

கெர்மானுக்கு முன்னால் தெரிந்ததே நல்லது.

துரான்


பிர்ஜந்த்
கொர்தாத் 17

துரான் ஜான்,

முதலில் நன்றி. மனசாரச் சொல்கிறேன், மரியாதைக்கு இல்லை. இருநூறு பேர் முன்னால் நின்று ஒரு பொய் வெளிச்சத்தைக் காட்டி, "இது என்னம்மா, உன் கேமரா நிழலா?" என்று கேட்க வைக்காமல் என்னைக் காப்பாற்றிவிட்டாய். சங்கத்துக்கு எழுதி என் பேச்சை ரத்து செய்துவிட்டேன். செயலாளர் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டார். அந்த மரியாதையில் கூனிக் குறுகிவிட்டேன்.

அப்புறம் நான் செய்ததைக் கேள். முன் கண்ணாடி சாய்ந்திருக்கும் என்று எழுதினாயே. வெள்ளிக்கிழமை மதியம் மேஜைமேல் துணி விரித்து அதைத் திறந்தேன். எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்ட வேண்டும் என்று தெரியும், அதனால் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். புழுதி துடைக்கும்போது கோடும் சேர்ந்து போய்விட்டது. கண்ணாடியைத் தூக்கியதும் விளிம்பில் செருகியிருந்த சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் உதிர்ந்தன. எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்து நட்சத்திரங்களெல்லாம் வால் முளைத்த புழுக்கள் மாதிரி இருக்கின்றன. திருப்பித் திருப்பி எட்டு விதமாக மாட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புழு வேறு பக்கம் போகிறது.

உன் அண்ணன் வந்து பார்த்தான். "விடு மஹ்லகா, வித்துடலாம். உனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அவன் தலையில் அந்தக் கண்ணாடியைப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்னதுதான் சரி. மெதுவானது நல்லது. அது பொய் சொல்லாது. எனக்கு நேரம் இல்லாத காரணத்தால் வேகத்தை நம்பினேன். உன்மேல் இப்போது எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? பதினோரு ராத்திரி உட்கார்ந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அதை நேர்மையாக எழுத உன்னால் முடிகிறது. நானாக இருந்தால் எதையாவது பார்த்ததாகச் சொல்லியிருப்பேன்.

மஹ்லகா


இஸ்ஃபஹான்
கொர்தாத் 24

அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை. படித்துவிட்டு நீங்கள் கிழியுங்கள்.

வளைவு இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நகர வெளிச்சத்தைக் கழிக்க என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். வெறும் ஆகாயம் என்று தோன்றுகிற இடங்களிலெல்லாம் புள்ளி வைப்போம். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளில் இருக்கும் வெளிச்சத்தை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு, படம் முழுக்க அதைத் துடைத்துவிடும். அன்றைக்கு நான் விண்மீன் கூட்டத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தேன். உங்கள் படம் பக்கத்தில்தான் திறந்திருந்தது. வளைவு எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதன்மேல் ஏழு புள்ளிகள் வைத்தேன், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை. வைக்கும்போது, "இங்கே ஒன்றும் இல்லை, வெறும் ஆகாயம்தான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

படம் சுத்தமாக வந்தது. உங்களுக்குக் கடிதம் எழுதினேன். உறையில் போட்டேன்.

துடைத்த அழுக்கைக் கம்ப்யூட்டர் தனிப் படமாக வைத்திருக்கும், வழக்கமாக அதை யாரும் பார்ப்பதில்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் அதைத் திறந்தேன். நகரத்தின் மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவில் உங்கள் வில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

பார்த்தேன். கம்ப்யூட்டரை மூடினேன். பிறகு உறையை ஒட்டினேன்.

இதுதான் உண்மை. தெரியாமல் நடந்த தவறு என்று சொன்னால் அது புள்ளிகளுக்கு மட்டும் பொருந்தும். உறைக்குப் பொருந்தாது.

ஏன் என்று கேட்பீர்கள். எட்டு வருஷம் அந்தத் தொலைநோக்கியின் படத்தை நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தேன். அது என்னிடம் இருந்திருந்தால் அந்த வில்லை நான் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்திருப்பேன் என்று தோன்றியது. நீங்கள் ஐந்து மணி நேரத்தில் பார்த்தீர்கள். நான் பதினோரு ராத்திரி உட்கார்ந்து, கடைசியில் உங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். என்னால் முடியவில்லை. உங்கள் நன்றிக் கடிதம் வராமல் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லாமலே இருந்திருப்பேன். "நேர்மையாக" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், "பசியில்லை" என்றேன். "அண்ணிக்கு என்ன ஆச்சு, அழுதிருக்கே?" என்றாள். உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். ஒரு விதத்தில் சரிதான்.

உங்கள் கண்ணாடியைத் திறக்க வைத்தது நான். சாய்வெல்லாம் இல்லை, கதை கட்டினேன். தெஹ்ரானில் ஒருவர் இந்த மாதிரிக் கண்ணாடிகளைத் திரும்பச் சரியாக மாட்டித் தருகிறார், அவர் எண்ணைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இதோடு வைத்திருக்கும் மெமரி கார்டில் என் எல்லாப் படங்களும் இருக்கின்றன, எதையும் துடைக்காமல். உங்கள் பெயரில் மட்டும் அனுப்புங்கள். நான் எடுத்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் சொல்ல நினைத்தால் சொல்லுங்கள். அண்ணனிடமும்.

துரான்


பிர்ஜந்த்
தீர் 3

துரான்,

ஜான் போடவில்லை, கவனித்தாயா? இரண்டு தடவை எழுதி அடித்தேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணனிடம் பேசவே இல்லை. "என்ன ஆச்சு?" என்றான். "உன் தங்கச்சிய கேளு" என்றேன். அப்புறம் கேட்க வேண்டாம் என்றேன். ஒரு நாள் முழுக்க உன்னை மனசுக்குள் திட்டினேன், எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளாலும். டியூட்டியில் இருமல் மருந்து பாட்டில்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டே ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வசவு. உன்னை நினைத்து அல்ல, என் கண்ணாடியை நினைத்துத்தான் அழுதேன். உனக்கு அந்த அழுகையில் பங்கு கிடையாது.

மூன்றாம் நாள் உன் கார்டைப் போட்டேன்.

உன் படங்களை நானே ஒன்றாக்கினேன். புள்ளிகளை நானே வைத்தேன், வில்லுக்கு எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில். என் படத்தில் அந்த வில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பால் சிந்தி விரலால் இழுத்த மாதிரி ஒரு தடம். அதைப் பார்த்துத்தான் நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். உன் படத்தில் அது தடமே இல்லை. இரண்டு இழை. ஒன்றை ஒன்று ஒட்டியும் ஒட்டாமலும் போகின்றன, நடுவில் ஓரிடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன, அங்கே சின்னதாக ஒரு முடிச்சு. சுற்றி நட்சத்திரங்களெல்லாம் ஊசி முனை. என் வேகம் எல்லாவற்றையும் அகலமாக அள்ளிப் போட்டதில் அந்த இரண்டு இழையும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கிறது.

பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன், மறுபடி பெரிதாக்கினேன். தேநீர் ஆறிப்போயிற்று. உன் அண்ணன் பின்னால் வந்து நின்று, "இது நீ எடுத்ததா? அடேயப்பா!" என்றான். அந்த நிமிஷம் ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை வந்தது தெரியுமா? நீ எழுதியிருந்தாயே, உன் பெயர் வேண்டாம் என்று. யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தும்விட்டேன். உன் கை உறையை ஒட்டியபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

"துரான் எடுத்தது" என்றேன். கசந்துகொண்டே சொன்னேன்.

சங்கத்துக்கு இரண்டு படங்களையும் அனுப்பிவிட்டேன். கண்டது மஹ்லகா, உறுதிப்படுத்தியது துரான் என்று எழுதினேன். ரத்து செய்த பேச்சைத் திரும்பத் தந்துவிட்டார்கள். செயலாளர் எழுதுகிறார்: வில்லை முதலில் பிடித்தது வேகத் தொலைநோக்கிதான், அது இல்லாவிட்டால் அங்கே பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் அழைப்பிதழில் போட துரான் கானும் அவர்களின் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், தவறாக நினைக்க மாட்டீர்கள் அல்லவா? நான் போன் போட்டு, "ஐயோ, அதுக்கென்ன, என் கண்ணுக்குச் சமம்" என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு தலையணையைக் குத்தினேன்.

கண்ணாடியைத் தெஹ்ரானுக்கு அனுப்பிவிட்டேன். மெஹ்ர் மாதம் ஆகுமாம், இன்னும் மூன்று மாதம். அதுவரைக்கும் நான் வெறும் கையோடு மாடியில் நிற்க வேண்டும்.

தீர் 20 கெர்மான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. மேடையில் என் பக்கத்தில் நில். "ஏன் உறுதிப்படுத்த இவ்வளவு நாள்?" என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. என்ன பதில் சொல்வது என்று நீயே யோசித்துக்கொண்டு வா.

பொய் சொன்னதை மன்னித்துவிட்டேன் துரான். என்னையும் அறியாமல் நடந்துவிட்டது, நேற்று காலையில் பார்த்தால் கோபத்தைக் காணோம். ஆனால் உன் படம் என்னுடையதை விட நன்றாக இருக்கிறது. அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மஹ்லகா